அங்கணத்துப் பள்ளி

சென்ற திங்கள் நம் சங்கப் படிப்பறையில் ஒரு பேச்சு எழுந்தது. அன்பர் ஒருவரின் மகள் பாலர் பள்ளி ஆசிரியை. பின்லாந்து நாட்டுக் குழந்தைப் பள்ளிகளைக் கண்டுவர ஆசிரியர் குழு ஒன்று புறப்படுகிறதென்றும், செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறதென்றும், கடன் வாங்கியேனும் போய்வரலாமா என்றும் அவ்வம்மை தம் தந்தையைக் கேட்டிருக்கிறார். தந்தையார் நம்மைக் கேட்டார். நாளிதழ்களை மடித்து வைத்துவிட்டு நால்வர் கூடிவிட்டனர். போகத்தான் வேண்டும் என்றார் இருவர். அங்கே பனி, இங்கே வியர்வை, இரண்டும் எப்படிப் பொருந்தும் என்றார் மற்றொருவர். நாம் அன்று விடை சொல்லவில்லை. சொல்லத் தகுதி உண்டா என்னும் ஐயம் நமக்கே இருந்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

முதலில் பின்லாந்தின் பெருமை எதனால் வந்ததென்று பார்ப்போம். பல நாடுகளின் 15 வயது மாணவரை ஒரே அளவுகோலால் அளக்கும் பீசா என்னும் தேர்வு 2000ஆம் ஆண்டில் முதன்முறை நடந்தது. அதன் முடிவு 2001 டிசம்பரில் வெளியானபோது, படித்துப் பொருளுணரும் திறனில் பின்லாந்து முதலிடத்தில் நின்றது. உலகம் வியந்தது, பின்லாந்துக்காரரும் வியந்தனர் என்று சொல்லுவார்கள். அன்று தொட்டு அயல்நாட்டுக் கல்வியாளர் கூட்டங்கூட்டமாய் ஹெல்சிங்கி நகரில் வந்து இறங்கினர். உயர்நிலைப் பள்ளியைப் பார்க்க வந்தவர்கள், இந்தப் பிள்ளைகள் அடியிலிருந்து எப்படி வளர்ந்தார்கள் என்று வினவிக்கொண்டே படிப்படியாய்க் கீழே இறங்கிக் குழந்தைப் பள்ளியின் வாயிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே அவர்கள் கண்டது ஏமாற்றமாகவே இருந்திருக்கக்கூடும். எழுத்துப் பயிற்சி ஏடுகள் இல்லை. வீட்டுப் பாடம் இல்லை. குழந்தைகள் உடல் முழுதும் மூடிய தடித்த உடை அணிந்து பனியில் உருண்டுகொண்டிருந்தார்கள். உள்ளே வந்தால் சூடான உணவு, பிறகு சிறு துயில், பிறகு கதை, மறுபடியும் விளையாட்டு. (மும்பை மழையில் பேரனின் கால் நனைந்தாலே மிளகுக் கஷாயம் வைக்கும் நம் பாட்டிமார் இதைப் படித்துப் பதற வேண்டா. குளிருக்கு ஏற்ற உடை போட்டுத்தான் வெளியே விடுகிறார்கள்.) அந்நாட்டில் குழந்தை பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பில் சேர்வது ஏழு வயதாகும் ஆண்டில். அதற்கு முந்திய ஓராண்டு முன்பள்ளி 2015ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கும் முன்னே உள்ள குழந்தைப் பள்ளிக்குத் தாய் தந்தையர் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை உண்டு. கட்டணம் குடும்பத்தின் வருவாயைப் பொறுத்தது. மிகக் குறைந்த வருவாய் உடையவர் ஒன்றும் கட்ட வேண்டுவதில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட ஏழு குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கும் சிறியவராயின் நால்வருக்கு ஒருவர் என்னும் கணக்கில் பயிற்சி பெற்ற பணியாளர் இருத்தல் வேண்டும். ஆசிரியை பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். ஒற்றை அறையில் நாற்பது குழந்தைகளையும் ஒரே ஆசிரியையையும் அடைத்துவிட்டு, ‘ஏன் கூச்சல்?’ என்று கேட்கும் இடங்களை நாம் நன்கறிவோம். ஆதலின் இந்தக் கணக்கைப் படித்தபோது பெருமூச்சு வந்தது.

இங்கே ஒரு செய்தியை மறைத்தல் தகாது. பின்லாந்தின் தேர்வு எண்கள் 2006க்குப் பின் இறங்கிக்கொண்டே வந்துள்ளன. 2022ஆம் ஆண்டுத் தேர்வில் வீழ்ச்சி வெளிப்படையாகவே தெரிந்தது. குழந்தைப் பள்ளிகளுக்கு ஆசிரியர் போதவில்லை என்னும் குறையும் அங்கே உண்டு. ஆகவே அங்கிருந்து மருந்துப் புட்டி ஒன்றை வாங்கிவந்து இங்கே ஊற்றினால் நோய் தீரும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா. நம் பெருநகரங்களில் ‘பின்லாந்து முறை’ என்று பலகை மாட்டிய பாலர் பள்ளிகள் தோன்றியுள்ளன. பலகை மாட்டுவது எளிது. ஏழு குழந்தைக்கு ஒருவர் என்னும் கணக்கு உள்ளே இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுவது நல்லது.

பின்லாந்தும் ஒரு காலத்தில் மாணாக்கனாய்க் கைகட்டி நின்ற நாடே. ஹன்னா ரோத்மன் என்னும் அம்மையார் ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் நகரில் பிரோபெல் பெருமகனார் வழியில் நடந்த நிறுவனத்தில் பயின்று திரும்பினார். 1888இல் ஹெல்சிங்கியில் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று குழந்தைப் பள்ளி தொடங்கினார். அயலூரில் கண்டதைத் தம் ஊர்த் தொழிலாளியின் பிள்ளைக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தார். பார்க்கப் போகிறவர் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான்.

இனி நம் வாயிலுக்கு அருகே வருவோம்.

திலக் நகரிலிருந்து குர்லா, தாதர் வழியாய் மேற்கு ரயில்வேயில் ஏறி, விரார் தாண்டி, தகாணு தாண்டினால் கோல்வட் என்னும் சிறு நிலையம். சப்போட்டாத் தோப்புகள் நிறைந்த ஊர். அதையடுத்துக் கடலோரத்தில் போர்டி. சற்று உள்ளே சென்றால் கோஸ்பாட் குன்று. இன்று பால்கர் மாவட்டம். முன்னாளில் தாணா மாவட்டம். குழந்தைக் கல்வியைப் பற்றி இந்நாட்டில் பேசுகிற எவரும் இவ்விரு ஊர்ப் பெயர்களையும் சொல்லாமல் இருத்தல் இயலாது. நம்மவரில் எத்தனை பேர் அறிவோம்? சீரடிக்கும் நாசிக்குக்கும் வண்டி வைத்துக்கொண்டு போகும் நாம் கோஸ்பாட் பக்கம் திரும்பியதில்லை.

தாராபாய் மோடக் அம்மையார் 1892இல் பிறந்தவர். ராஜ்கோட்டில் மாதர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராய் நல்ல பதவியில் இருந்தார். பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்னும் வழக்கறிஞர் தம் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து 1920இல் பால மந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அதைக் கேள்வியுற்ற தாராபாய் பதவியைத் துறந்து அங்கே போய்ச் சேர்ந்தார். இருவருமாக 1926இல் நூதன் பால சிக்ஷண் சங்கம் என்னும் அமைப்பை நிறுவினர். பின்னர்த் தாராபாய் மும்பைக்கு வந்து 1936இல் தாதரில் சிசு விகார் நடத்தினார். மாட்டுங்காவில் அந்நாளில் குடியேறியிருந்த நம் முன்னோர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள்.

ஆயினும் அவர் மனத்தில் ஒரு முள் இருந்தது. மாண்டிசோரி முறைக்குரிய மரக் கருவிகள் விலை மிக்கவை. அப்பள்ளிகளுக்கு வந்த குழந்தைகளோ பெரும்பாலும் வசதியுள்ள வீட்டார். கிராமத்துக் குழந்தைக்கு இது எட்டுமா? 1945இல் போர்டிக்குச் சென்று கிராமப் பாலர் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். அங்கேதான் அனுதாய் வாக் அவரோடு இணைந்தார். அனுதாய் பதின்மூன்று வயதில் மணம் முடித்து, ஆறு திங்களுக்குள் கைம்பெண் ஆனவர். படித்து ஆசிரியையாகித் தம் வாழ்வைத் தாமே எழுப்பிக்கொண்ட அம்மை அவர். அன்று தொட்டு 1992இல் கண் மூடும்வரை அந்தப் பணியிலேயே இருந்தார்.

போர்டியில் பாலவாடி திறந்தாயிற்று. ஊருக்குள் இருந்தவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். ஒதுக்கப்பட்டோர் சேரிக் குழந்தைகளும் பழங்குடிக் குழந்தைகளும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இவ்விருவரும் ஓர் அறிக்கை எழுதிவிட்டு ஓய்ந்திருக்கலாம். அவர்கள் நடந்தார்கள். விளையாட்டுப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு, குழந்தைகள் வாழ்ந்த குடிசைகளின் நடுவே இருந்த முற்றத்துக்கே போனார்கள். குழந்தையைக் குளிப்பாட்டித் தலைவாரி, முற்றத்தைப் பெருக்கி, அங்கேயே பாட்டும் விளையாட்டும் தொடங்கினார்கள். முற்றத்துக்கு அவர்கள் மொழியில் ‘அங்கண்’ என்று பெயர். அங்கணத்தில் நடந்த பாலவாடி அங்கன்வாடி ஆயிற்று.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களுக்கு அங்கணக்குழி என்றால் விளக்க வேண்டியதில்லை. நாம் பாத்திரம் கழுவும் மூலைக்கு வைத்துக்கொண்ட சொல்லை அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வைத்தார்கள்.

1950களின் பிற்பகுதியில் பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கே வார்லி என்னும் பழங்குடி மக்கள். விலை கொடுத்து வாங்கும் கருவிக்கு வழியில்லை. விதைகள், கூழாங்கற்கள், சிப்பிகள், இலைகள், களிமண் இவையே எண்ணவும் பிரித்து வைக்கவும் தொட்டுணரவும் கருவிகளாயின. தம்பி தங்கையைச் சுமக்கும் சிறுமி பள்ளிக்கு எப்படி வருவாள்? கைக்குழந்தைக் காப்பகம், பாலவாடி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தார்கள். அக்காளும் தங்கையும் சேர்ந்தே வந்தார்கள். மாடு மேய்க்கும் சிறுவன் வரமாட்டானே? மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினார்கள். பிள்ளை ஏன் வரவில்லை என்று பிள்ளையைக் குறை கூறாமல், பள்ளியை எங்கே வைப்பதென்று தம்மையே கேட்டுக்கொண்டார்கள். தாராபாய்க்கு 1962இல் பத்மபூஷணும் அனுதாய்க்கு 1984இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. நடுவண் அரசு 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது தன் நிலையங்களுக்கு இட்ட பெயர் அங்கன்வாடி. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. அத்திட்டத்துக்கு வழி கோலிய 1972ஆம் ஆண்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மீனா சுவாமிநாதன். ‘வாஸவேச்வரம்’ எழுதிய நம் கிருத்திகாவின் மகள் என்றால் பழைய வாசகர்களுக்கு உடனே விளங்கும்.

அயலவர் நம்மிடம் வந்து கற்ற கதை ஒன்றும் உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். வயது 69. சில திங்கள் பயிற்சி தந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். முந்நூறு பேர் அளவில் ஆசிரியர்கள் பயில வந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியராகிய அம்மையாரும் அவர் மகனும் ஆங்கிலேய அரசுக்குப் பகைநாட்டார் ஆயினர். மகன் சிறைவைக்கப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளுக்கு அரசு தந்த பரிசு மகனின் விடுதலை. ஊர் திரும்ப வழியின்றிப் போர்க்காலம் முழுதும் இந்தியாவிலேயே தங்கினார். கோடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாய்ச் செடி கொடிகளோடும் பூச்சி புழுக்களோடும் பழகுவதை உற்று நோக்கினார். அதிலிருந்து தம் கல்விமுறையின் புதிய பகுதி ஒன்றையே வளர்த்தெடுத்தார். குழந்தையின் மனம் முதல் ஆறு ஆண்டுகளில் சுற்றியுள்ள மொழியை முயற்சியின்றி ஈர்த்துக்கொள்கிறது என்று விளக்கும் அவரது நூல் 1949இல் அடையாற்றிலேயே அச்சாயிற்று. கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டும் போனார்.

மொழி என்றதும் மீண்டும் பின்லாந்துக்கே போக வேண்டியிருக்கிறது. நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு அந்நாட்டில் காணத்தக்கது ஹெல்சிங்கியைவிட வடகோடியில்தான் உள்ளது என்பது நம் எண்ணம். இனாரி என்னும் பேரேரி அங்கே இருக்கிறது. அதைச் சுற்றி வாழும் பழங்குடியினருக்குச் சாமி என்று பெயர். (நம் சாமி அல்ல!) அவர்களுள் இனாரி சாமி மொழி பேசுவோர் சில நூற்றுவரே. சென்ற நூற்றாண்டில் அவர்தம் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்துப் பின்னிஷ் மொழியில் கற்பித்தார்கள். பிள்ளை முன்னேற வேண்டுமே என்று பெற்றோரும் வீட்டில் தம் மொழியை நிறுத்திக்கொண்டார்கள். எவரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை, பாசத்தால் நிறுத்தினார்கள். 1990களில் திரும்பிப் பார்க்கும்போது அம்மொழியைப் பேசும் குழந்தைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்தனர்.

1997இல் அவர்கள் ‘மொழிக்கூடு’ ஒன்றை அமைத்தார்கள். அது ஒரு குழந்தைப் பள்ளியே. சோறூட்டுவதும் காலணி மாட்டுவதும் கதை சொல்லுவதும் கோபித்துக்கொள்வதும் எல்லாம் இனாரி சாமி மொழியில் மட்டுமே. பாடப் புத்தகம் இல்லை, இலக்கணம் இல்லை. குழந்தை பின்னிஷில் கேட்டால் தடையில்லை. பெரியவர் தம் மொழியிலேயே விடை சொல்வார். கூட்டில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பின்பு அதே மொழியில் பள்ளி வகுப்புகளும் வந்தன. இந்த யோசனை அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? உலகின் மறுமுனையில் நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமிருந்து. அவர்கள் 1982இல் தங்கள் முதியவர்களைக் குழந்தைகளோடு உட்கார வைத்து ‘கோஹங்க ரேயோ’ என்று தொடங்கினார்கள். அச்சொல்லுக்கும் மொழிக்கூடு என்பதே பொருள். உலகம் பின்லாந்திடம் கற்கப் போகிறது; பின்லாந்தின் வடகோடி மாவோரிப் பாட்டியிடம் கற்றது.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

நம் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம். தந்தையும் தாயும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்றரை வயதுப் பையன் ஊரிலிருந்து வந்த பாட்டியிடம் வளர்ந்தான். படியில் நம்மைக் கண்டால் ‘தாத்தா, காக்கா குளிச்சுச்சு’ என்று தொடங்கி முடிவில்லாமல் பேசுவான். போன ஆண்டு ஒரு பள்ளியில் சேர்க்க நேர்காணலுக்கு அழைத்துப் போனார்கள். ஆங்கிலத்தில் நிறங்களின் பெயரைக் கேட்டார்கள். பையன் வாய் திறக்கவில்லை. வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். தந்தை அன்று மாலை நம்மிடம் வந்து, ‘ஐயா, என்ன செய்யலாம்?’ என்று கேட்டார். தமிழ்ச் சங்கத்து ஏட்டில் திங்கள்தோறும் எழுதுகிற நாம் என்ன சொன்னோம் தெரியுமா? ‘ஓராண்டுதானே, அவர்கள் சொல்படி செய்யுங்கள், தமிழ் எங்கே போய்விடும்?’ என்றோம்.

இடம் கிடைத்தது. பையன் இப்போது நிறங்களைச் சொல்கிறான். பாட்டிக்கோ ஆங்கிலம் தெரியாது. இந்தியும் காய்கறிக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்குத்தான். பேரனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், தப்பாகப் பேசிப் படிப்பைக் கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சி, அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். மாலையில் இருவரும் தொலைக்காட்சியின் முன் அருகருகே உட்கார்ந்திருப்பதைக் கண்டோம். பாட்டி பேசவில்லை. பையனும் பேசவில்லை. சென்ற தீபாவளிக்குப் பின் பாட்டி, ‘ஊருக்கே போய்விடுகிறேன், எனக்கு இங்கே என்ன வேலை?’ என்று சொன்னாராம்.

ஆசிரியையின் தந்தைக்கு விடை சொல்லத் தகுதி உண்டா என்று தொடக்கத்தில் ஐயுற்றது இதனால்தான்.

இச்சிறுவன் தெருவிலே இந்தி கேட்கிறான். லிப்டு இயக்குபவரிடம் மராத்தி பேசுகிறான். எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. இத்தனைக்கும் இடமுள்ள அந்தச் சிறு தலையில் பாட்டியின் தமிழ் மட்டும் எந்த இடத்தை அடைத்துக்கொண்டது? 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையே மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்வி விளையாட்டு வழியாக இருக்க வேண்டும் என்கிறது. இயன்றவரை வீட்டு மொழியில் கற்பிக்கவும் சொல்கிறது. அக்கொள்கையில் நமக்கு உடன்படாதவை இருக்கலாம். இந்த ஒன்றையாவது நேர்காணல் நடத்துகிறவர்கள் படித்திருக்கலாம்.

சென்ற வாரம் மூன்றாம் மாடிக்குச் சென்று, நாம் சொன்னது தவறு என்று அந்தத் தந்தையிடம் ஒப்புக்கொண்டோம். அவர் சினக்கவில்லை. ‘பரவாயில்லை ஐயா, ஆனால் இப்போது அவனே தமிழில் பேச மாட்டேன் என்கிறானே’ என்றார். அதற்கு நம்மிடம் உடனடி விடை இல்லை. பாட்டியிடம் மட்டும் ஒரு வேண்டுகோள் வைத்தோம்.

திலக் நகரின் பழைய வீட்டுவசதி வாரியக் கட்டடங்கள் பல இடிபட்டு அடுக்குமாடிகளாய் உயர்ந்துவிட்டன. முன்பு நீண்ட தாழ்வாரமும் கீழே சிறு திடலும் இருந்தன, பிள்ளைகள் கூடுவர். இன்று கீழே இருப்பது வண்டி நிறுத்துமிடம். ஆகவே நம் சங்கத்தின் சிறு கூடத்தையே அங்கணமாகக் கொள்ளலாமென்று ஒரு யோசனையைச் செயற்குழுவின் முன் வைத்தோம். ஞாயிறுதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் வருவார்கள். கரும்பலகை கிடையாது, அ ஆ எழுதச் சொல்லுவது கிடையாது. புளியங்கொட்டை, சோழி, பல்லாங்குழி, களிமண், ஒரு தொட்டி மணல். பெரியவர்கள் தமிழில் மட்டும் பேசுவார்கள். குழந்தைகள் எந்த மொழியில் வேண்டுமானாலும் விடை கூறலாம். ஏழு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்னும் பின்லாந்துக் கணக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வது. பட்டம் பெற்ற ஆசிரியை ஒருவர் வேண்டுமே? படிப்பறையில் கேள்வி கேட்ட அன்பரின் மகள் முதல் ஆறு வாரங்கள் வந்திருந்து நெறிப்படுத்துவதாக இசைந்துள்ளார். பின்லாந்துப் பயணத்தை அவர் கைவிடவில்லை; அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார். அதற்குள் கோஸ்பாடுக்கு ஒரு முறை போய்வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாமும் உடன் செல்ல எண்ணியுள்ளோம்.

இதுவரை நான்கு பாட்டிமாரும் ஒரு தாத்தாவும் பெயர் கொடுத்துள்ளார்கள். மூன்றாம் மாடிப் பாட்டி, ‘நான் என்ன படித்தேன், எனக்கு என்ன தெரியும்?’ என்று இருமுறை மறுத்தார். மூன்றாம் முறை, ‘சோழி என்னிடமே இருக்கிறது, கொண்டுவரட்டுமா?’ என்று கேட்டார். பேரனும் வருவானா என்று கேட்டதற்கு, தெரியாது என்று கையை விரித்தார்.

செயற்குழு எல்லாவற்றுக்கும் இசைந்துவிட்டது, மணலைத் தவிர. போன ஆண்டுதான் கூடத்துக்குப் புதிய தரைக்கல் பதித்திருக்கிறதாம்; மணலில் கீறல் விழுமாம்; பன்னிரண்டு மணிக்குப் பிறகு பெருக்குவது யார் என்று செயலாளர் கேட்கிறார். மணலுக்குப் பதில் அரிசித் தவிடு வைக்கலாமா என்று ஒருவர், தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம் என்று மற்றொருவர். இவ்விதழ் அச்சுக்குப் போகும் வரையில் முடிவாகவில்லை. தார்ப்பாய் வைத்திருக்கும் அன்பர்கள் செயலாளரிடம் தெரிவிக்கலாம்.